கதிரையில் தொங்கிய கோட்டு

சனிக்கிழமை காலைகளில் எங்கள் வீட்டுக் கராஜ் கதவைத் திறப்பதற்கு ஒரு முறை இருந்தது. முதலில் மகள் தன் பெரிய பச்சைப் பையையும் சப்பாத்துகளையும் கொண்டுவந்து காரின் பின்பக்கத்தில் வைப்பாள். நான் டிக்கியை மூடிவிட்டு, சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று ஒருதரம் அழுத்திப் பார்ப்பேன். சீருடைக்கு மேலே நீளமான ஒரு குளிர்ச்சட்டையைப் போட்டு, கழுத்துவரை அவள் சிப்பை இழுத்த பிறகுதான் கதவுப் பொத்தானில் கை வைப்பேன். ஆடி மாத வெயிலிலும் அதே குளிர்ச்சட்டைதான். ரொறன்ரோவின் மில்லிக்கன் பகுதியில் எங்கள் தெருவில் பத்து வீட்டுக்கு நாலு வீடு நம்மவர்கள். எதிர்வீட்டு அன்ரி தேத்தண்ணீர் குடிப்பதே சமையலறை யன்னலடியில் நின்றுதான்.

என் மகள் கனடா இராணுவத்தின் ரிசேர்வ் பிரிவில் ஒரு அதிகாரி. கிழமை நாட்களில் ஒரு அலுவலகத்தில் வேலை செய்கிறாள், வாரத்தில் ஒரு மாலையும் சில வார இறுதிகளும் பயிற்சிக்குப் போகிறாள். இந்த இரண்டு வசனத்தையும் இவ்வளவு நேராக எழுத எனக்கு நாலு வருடத்துக்கு மேல் பிடித்திருக்கிறது. கேட்டவர்களுக்கெல்லாம் அரசாங்க உத்தியோகம் என்று சொன்னேன். சனிக்கிழமைகளில் எங்கே போகிறாள் என்று கேட்டால், ஏதோ கோஸ் படிக்கிறாள் என்றேன். நாலு வருடமாக முடியாத கோஸ். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற அலுவலை ஸ்காபரோவில் என்னைவிட ஒழுங்காகச் செய்தவன் கிடையாது.

ஆமி என்ற சொல் எங்களுக்கு எப்படிப்பட்டது என்பதை யாழ்ப்பாணத்தவருக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பத்தொன்பது வயதில், இலங்கை ஆமியின் ஒரு சுற்றிவளைப்பில், ஒருநாள் முழுக்க வெயிலில், தெருத் தாரில், தலைக்கு மேல் கையை வைத்துக்கொண்டு குந்தியிருந்தேன். முகத்தைச் சாக்கால் மூடிய ஒருவனின் முன்னால் எங்களை ஒவ்வொருவராக நடத்திக்கொண்டு போனார்கள். அவன் தலையாட்டினால் ஆமி லொறி, ஆட்டாவிட்டால் வீடு. எனக்கு அவன் ஆட்டவில்லை. அதற்குப் பிறகு எந்தச் சீருடையைக் கண்டாலும், தபால்காரனின் சீருடையாக இருந்தாலும், நான் தெருவின் மற்றப் பக்கத்துக்கு மாறிவிடுவேன்.

ஆகவே மகள் சேர்ந்துவிட்டேன் என்று சொன்ன அன்று வீட்டில் பேயாட்டம் ஆடினேன்.

"ஆமிக்குப் பயந்து ஓடிவந்தவன்ர வீட்டிலயோ ஆமி? ஆருக்கு நான் இதைச் சொல்லுறது?"

"ஒருத்தருக்கும் சொல்லாதைங்கோ அப்பா. பட் இது வேற ஆமி."

"ஆமியில என்ன வேறை ஆமி? துவக்கு ஒண்டுதானே!"

அவள் அழவில்லை. "ஒருக்கா வந்து பாருங்கோ. பாத்திட்டுப் பேசுங்கோ" என்றாள். நான் போகவில்லை. அவள் அதிகாரியாகப் பதவியேற்ற நாளில் தாய் தனியாகப் போய்வந்தாள். அன்றைய படத்தை மனைவி வரவேற்பறையில் வைத்தாள். நான் படுக்கையறைக்கு மாற்றினேன். யாராவது வீட்டுக்கு வருகிறார்கள் என்றால் அங்கேயும் அதைக் கவிழ்த்து வைப்பேன். வெள்ளம் வந்த ஏதோ ஊரில் மணல் மூட்டை அடுக்கிவிட்டு, கை தோலுரிந்து அவள் வந்து நின்றபோதுகூட நான் கேட்ட முதல் கேள்வி, டெலிவிஷனில் உன் முகத்தைக் காட்டினார்களா என்பதுதான்.

போன வருடம் அழைப்பிதழ் வந்தது. அவளுடைய படைப்பிரிவு வருடத்துக்கு ஒருமுறை நடத்தும் பெரிய இராவிருந்தும் நடனமும். ஒவ்வொரு அதிகாரியும் ஒரு விருந்தினரைக் கூட்டிவரலாம். அந்த வருடம் இன்னொரு விசேஷமும் இருந்தது. விருந்தின் முடிவில் பிரித்தானிய மன்னரின் நலம் வாழ்த்திக் கிண்ணம் உயர்த்தும்போது அதற்கான வசனத்தைச் சொல்லுவது ஆக இளைய அதிகாரியின் பொறுப்பாம். அந்த முறை அது என் மகள்.

"அம்மா ஒருக்கா வந்தவதானே. இந்தமுறை நீங்கள்" என்றாள்.

நான் தலையைச் சொறிந்தேன். மனைவிக்குக் கோபம் வந்தது. "இஞ்சருங்கோ, பிள்ளை நாலு வருசமாக் கேக்குது. உங்களைக் கொண்டுபோய்த் துவக்குத் தூக்கவோ சொல்லுறா? சாப்பிட்டிட்டு வாறதுக்கு என்ன?"

வேட்டி கட்டலாம், தேசிய உடை என்று அழைப்பிதழிலேயே போட்டிருக்கிறது என்றாள் மகள். வேண்டாம் என்றேன். வேட்டி கட்டினால் தமிழன் என்று தெரிந்துவிடுமே. முகத்தைப் பார்த்தால் தெரியாதாக்கும்! பிளாசாவில் ஒரு கடையில் கறுப்புக் கோட்டு, கறுப்பு வெஸ்ட், வெள்ளைச் சட்டை, கழுத்துக்குக் கறுப்பு போ டை எல்லாம் வாடகைக்கு எடுத்தோம். கோட்டு கக்கத்தில் இறுக்கிப் பிடித்தது. ஒரு கிழமை, வேலையால் வந்த பிறகு, மகள் என்னை பேஸ்மென்டுக்குக் கூட்டிப்போய் நடனம் பழக்கினாள். ஒண்டு, ரெண்டு, மூண்டு, திரும்பு. விருந்துக்குப் பிறகு ஒரே ஒரு பாட்டுக்கு அவளோடு ஆட வேண்டும். மூன்றாம் நாள் நான் அவளுடைய காலை மிதிக்காமல் ஒரு சுற்று முடித்தபோது அவள் கைதட்டிச் சிரித்தாள். ஆமி என்ற சொல் வீட்டுக்குள் வந்த பிறகு அவள் என்னோடு அப்படிச் சிரித்தது அதுதான் முதல்தடவை.

ஆறு மணி என்றால் ஐந்தே முக்கால் என்று அவள் முன்கூட்டியே எச்சரித்திருந்தாள். நம்முடைய ஆறு மணி எட்டு மணிக்குத்தான் வரும் என்பது அவளுக்குத் தெரியாதா. ஐந்தரைக்கே டவுன்டவுனில் அந்தப் பழைய கல்லுக் கட்டடத்தின் முன்னால் நின்றோம். இடுப்போடு நின்ற சிவப்புக் கோட்டும் கறுப்பு நீளப் பாவாடையுமாக மகள் காரால் இறங்கினாள். அவளை அந்த உடையில் முழுசாக, குளிர்ச்சட்டை இல்லாமல், அன்றுதான் முதன்முதல் பார்த்தேன். வடிவாக இருந்தாள். அதைச் சொல்லவில்லை.

உள்ளே எங்கள் மேசையைக் காட்டினாள். அவளுக்குப் பக்கத்துக் கதிரை எனக்கு. மூன்று சட்டம் சொன்னாள். விருந்து தொடங்கினால், மன்னருக்குக் கிண்ணம் உயர்த்தி முடியும்வரை எவரும் மேசையை விட்டு எழும்பக்கூடாது. அவள் வசனத்தைச் சொன்னதும் எழும்பி நின்று கிண்ணத்தைத் தூக்க வேண்டும், தண்ணீரென்றாலும் பரவாயில்லை. மூன்றாவது: "என்ன வெக்கை எண்டாலும் கோட்டை மட்டும் கழட்டாதைங்கோ அப்பா, ப்ளீஸ்." சொல்லிவிட்டு, வசனத்தை ஒருமுறை ஒத்திகை பார்க்கப் போய்விட்டாள்.

நம்முடைய கலியாண மண்டபங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சாப்பாடு வருவதற்கு முன்னமே ஆம்பிளைகளின் கோட்டு முழுக்கக் கதிரைகளில் தொங்கும். கோட்டு என்பது வாசலில் படம் எடுக்கும்வரைக்கும்தான். மண்டபம் நிறைந்து வெக்கை ஏறியது, கக்கம் அறுத்தது. பத்து நிமிடம் பொறுத்தேன். பிறகு கழற்றி என் கதிரையின் முதுகில் கொழுவிவிட்டு, தண்ணீர் குடிக்கலாமென்று எழும்பினேன்.

நாலடி போகவில்லை. தரையில் இழுபடும் நீலச் சட்டை போட்ட ஒரு வயதான வெள்ளைக்காரி, கதையை நிறுத்தாமலே, வெறும் கிளாஸ் ஒன்றை என் பக்கம் நீட்டினார். நான் வாங்கினேன். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஏழு வருடம் உணவகங்களில் கோப்பை கழுவியவன் நான். யாராவது வெறும் பாத்திரத்தை நீட்டினால் என் கை தானாகவே போகும். வெள்ளைச் சட்டை, கறுப்பு வெஸ்ட், கறுப்பு போ. அப்போதுதான் சுற்றிப் பார்த்தேன். மண்டபத்தில் அந்த மூன்றோடு, கோட்டு இல்லாமல் நின்றவர்கள் எல்லாரும் பரிமாறுகிறவர்கள்.

கிளாஸை எங்கே வைப்பதென்று தெரியாமல் குசினிக் கதவடிக்குப் போனேன். கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவர் வெளியே வந்தார்.

"அண்ணை! நீங்களும் இங்கையோ?"

மிசிசாகாவில் ஒரு தொழிற்சாலையில் என்னோடு ஆறேழு வருடம் வேலை செய்தவர். என்னைவிட இளையவர், அடுத்த ஊர்க்காரர், இப்போது ஸ்காபரோவில் வோபர்ன் பக்கம் இருக்கிறார், என் மனைவியின் உறவினரில் பாதிப்பேரைத் தெரிந்தவர். வார இறுதியில் கேட்டரிங் வேலை செய்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவருடைய தம்பியை ஒரு சுற்றிவளைப்பில் ஆமி பிடித்துக்கொண்டு போனது. தம்பி திரும்பி வரவில்லை. வேலைத்தலத்தில் மத்தியானச் சாப்பாட்டின்போது ஒருதரம் எனக்கு அதைச் சொல்லியிருக்கிறார்.

அவர் என் வெஸ்டைப் பார்த்தார், கையிலிருந்த வெறும் கிளாஸைப் பார்த்தார். கேள்வியையும் அவரே கேட்டு, பதிலையும் அவரே வைத்திருந்தார்.

"ஓம்" என்றேன்.

அவருடைய தம்பிக்காகத்தான் அப்படிச் சொன்னேன், அந்த மனிதனின் முகத்துக்கு நேரே 'என் மகள் ஆமி' என்று சொல்ல நா எழவில்லை என்று எழுத எனக்கு ஆசையாக இருக்கிறது. அது பொய். தம்பியின் நினைவு வந்தது பிறகு. முதலில் நினைவுக்கு வந்தது எதிர்வீட்டு அன்ரியும், கோயில் வாசலும், 'உவர் மகளை ஆமிக்கு விட்டிருக்கிறாராம்' என்ற கதையும்தான். இரண்டாம் வேலை செய்வது நமக்குள் ஒரு குறையும் இல்லை. எல்லாரும் செய்கிறார்கள். ஓம் என்று சொன்னதும் எனக்கு வந்தது வெட்கமல்ல, நிம்மதி. அதைத்தான் இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

"ஏஜென்சியால வந்தனீங்களோ? நல்லதாப் போச்சு. ஆள் காணாது. உந்தத் தட்டைக் கொண்டுபோய் ஒரு சுத்துச் சுத்திப்போட்டு வாங்கோ."

வைன் கிளாஸ்கள் நிறைந்த தட்டு என் கைக்கு வந்தது. நான் அதைத் தூக்கிக்கொண்டு போனேன். போகாமல் விட்டிருக்கலாம். தட்டை மேசையில் வைத்துவிட்டு, கோட்டைப் போட்டுக்கொண்டு, 'தம்பி, பகிடிக்குச் சொன்னனான்' என்று சொல்லியிருக்கலாம். வாயில் கொழுக்கட்டையை அடைத்தவன் போல ஒவ்வொரு கூட்டமாகப் போய் நீட்டினேன். எல்லாரும் எடுத்தார்கள். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மூன்றாவது கூட்டத்தில் மகள் நின்றாள். பக்கத்தில் நெஞ்சு நிறையப் பதக்கங்களோடு அவளுடைய மேலதிகாரி. என்னைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது. அந்த மனிதருக்கு என்னை அறிமுகப்படுத்தத்தான் அவளுடைய கை எழும்பியது, எனக்கு நன்றாகத் தெரியும். பிறகு தட்டைக் கண்டாள். கோட்டில்லாத தோளைக் கண்டாள். என் தோளுக்குப் பின்னால், இன்னொரு தட்டோடு நின்ற தமிழ் முகத்தைக் கண்டாள். கராஜ் கதவுக்குள் நாலு வருடம் வளர்ந்த பிள்ளை. அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

எழும்பிய கையை அப்படியே நீட்டி, தட்டிலிருந்து ஒரு கிளாஸை எடுத்தாள். அவள் வைன் குடிப்பதில்லை.

"தாங்க் யூ, சேர்" என்றாள்.

குரலில் ஒரு பிசிறு இல்லை. நான் அடுத்த கூட்டத்துக்குப் போனேன்.

பைப் வாத்தியக்காரர் ஊதிக்கொண்டு முன்னே நடக்க எல்லாரும் போய் உட்கார்ந்தார்கள். நான் குசினிக்குள் நின்றேன். கதவில் வட்டமான ஒரு கண்ணாடி இருந்தது. அதனூடாக எங்கள் மேசை நேரே தெரிந்தது. என் கதிரையில் என் வாடகைக் கோட்டு மட்டும் இருந்தது. அதன் இரண்டு கைகளும் கீழே தொங்கிக்கொண்டிருந்தன. பக்கத்தில் இருந்தவர் அதைக் காட்டி ஏதோ கேட்டார். மகள் ஏதோ சொன்னாள். அவர் அனுதாபமாகத் தலையசைத்தார். அப்பாவுக்குத் திடீரென்று சுகமில்லாமல் போய்விட்டது என்று சொன்னாளாம், அது பிறகு மனைவி மூலம் தெரியவந்தது. விருந்து முடியும்வரை எவரும் எழும்பக்கூடாது என்பது சட்டம். அவளால் எழும்பி என்னிடம் வர முடியாது. எனக்கு அந்தச் சட்டம் இல்லை. நான் போயிருக்கலாம்.

சூப்புக் கோப்பைகள் வந்தன, இறைச்சிக் கோப்பைகள் வந்தன. நான் வழித்து அடுக்கினேன். கேட்டரிங் மேற்பார்வைக்காரிக்கு என்னை விசாரிக்க நேரமில்லை. பிறகு ஒரு சுத்தியல் மேசையில் தட்டிய சத்தம் கேட்டது. மண்டபம் அடங்கியது. குசினியில் நின்றவர்களும் வேலையை விட்டுவிட்டுக் கதவடிக்கு வந்தார்கள்.

மகள் எழும்பினாள். பேஸ்மென்டில் கண்ணாடிக்கு முன்னால் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்த வசனம். நாலைந்து சொல்தான். மண்டபத்தின் கடைசிச் சுவர்வரை தெளிவாகப் போனது. கதிரைகள் ஒரே நேரத்தில் பின்னே நகர, அத்தனை பேரும் எழும்பிக் கிண்ணத்தை உயர்த்தினார்கள்.

"பாத்தனீங்களோ அண்ணை?" என்றார் அந்த அடுத்த ஊர்க்காரர் என் காதுக்குள். "உது எங்கட பிள்ளை. முகத்தைப் பாருங்கோ, தமிழ்ப் பிள்ளைதான்."

"இருக்கும்" என்றேன்.

"என்ன கம்பீரம்! பெத்ததுகள் குடுத்து வைச்சதுகள்." சற்று எட்டிப் பார்த்தார். "ஆனா பாருங்கோ, பக்கத்துக் கதிரை வெறுமையாக் கிடக்கு. கோட் மட்டும் தொங்குது. ஆர் வந்திட்டுப் போனதோ?"

"தெரியாது."

எழும்பி நின்று கிண்ணத்தைத் தூக்க வேண்டும் என்று சொல்லியிருந்தாள். நான் நின்றுகொண்டுதான் இருந்தேன். கையில் எச்சில் கோப்பைகள் இருந்தன.

நடனம் தொடங்க, அவர் சாப்பிடப் போன நேரம் பார்த்துப் பின்கதவால் இறங்கிக் காருக்குள் போய் இருந்தேன். மகள் வர ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆனது. கோட்டு அவளுடைய கையில் மடிந்து கிடந்தது. யாரோடு ஆடினாள், ஆடினாளா என்றே எனக்குத் தெரியாது, கேட்கும் துணிவு வரவில்லை. நெடுஞ்சாலையில் பாதித்தூரம் வந்த பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"சாப்பிட்டீங்களோ அப்பா?"

"இல்லை."

வழியில் ஒரு கோப்பிக் கடைக்குள் காரை விடச் சொல்லி, எனக்கு ஒரு சான்ட்விச் வாங்கித் தந்தாள். காருக்குள் இருந்து அதைச் சாப்பிட்டேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வீட்டு வாசலில் மனைவி ஆவலோடு, எப்படி இருந்தது என்று கேட்டாள்.

"சூப்பர் அம்மா. அப்பா எல்லாரோடையும் நல்லா மிங்கிள் பண்ணினவர்" என்று சொல்லிவிட்டு, சப்பாத்தைக் கழற்றி வைத்து, கீழே போனாள்.

அடுத்த சனிக்கிழமை நான் கராஜுக்குப் போனபோது பை ஏற்கெனவே காரில் இருந்தது. அவளும் உள்ளே ஏறி இருந்தாள், குளிர்ச்சட்டை கழுத்துவரை பூட்டியபடி. நான் எதையும் சரிபார்க்கத் தேவையில்லாதபடி எல்லாம் ஒழுங்காக இருந்தது. அதற்குப் பிறகு அவள் என்னை எதற்கும் கூப்பிடவில்லை.

இரண்டு மாதம் கழித்து, ஒரு ஞாயிறு காலை, வோபர்னில் ஒரு மரக்கறிக் கடை. தாய் எழுதித் தந்த துண்டோடு நானும் மகளும் போயிருந்தோம். நான் முருங்கைக்காயை முறித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் அந்தக் குரல் கேட்டது.

"அண்ணை! அதுக்குப் பிறகு உங்களை வேலையில காணேல்லை?"

நான் திரும்புவதற்குள் அவர் மகளைப் பார்த்துவிட்டார். நெற்றியைச் சுருக்கினார். "பிள்ளையை எங்கையோ கண்டனான். அண்டைக்கு அந்த ஆமிக்காரற்றை விருந்தில பேசின..."

"இல்லை அங்கிள், அது நானில்லை" என்றாள் மகள். சிரித்த முகம், ஒரு கணத் தயக்கம் இல்லை. "நான் கவர்மென்டில வேலை. வீக்கெண்டில கோஸ் ஒண்டு படிக்கிறன்."

என் வசனம். சொல்லுக்குச் சொல் என்னுடைய வசனம், என்னுடைய அதே நிதானத்தோடு. அத்தனை பேர் நிறைந்த மண்டபத்தில் நடுங்காமல் பேசிய பிள்ளை, ஒரு மரக்கறிக் கடையில் எனக்காகத் தன்னையே இல்லை என்கிறாள். இதற்காகவா இவளைப் பெற்று வளர்த்தேன் என்று இருந்தது. கோபம் வந்தது. அவளில் அல்ல.

"அவதான்" என்றேன். குரல் தேவைக்கு மேல் சத்தமாக வந்துவிட்டது. தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு அன்ரி திரும்பிப் பார்த்தார். "என்ர மகள். ஆமியில ஒஃபிசர். அண்டைக்கு நீங்கள் பாத்தது இவவைத்தான்."

அவர் கையிலிருந்த கூடையைக் கீழே வைத்தார். அவருடைய தம்பியை நினைத்துக்கொண்டேன். என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்வது என்று நின்றேன். அவர் மகளைப் பார்த்துத்தான் பேசினார்.

"நல்லாப் பேசினீங்கள் பிள்ளை. குசினிக்குள்ள நாங்கள் எல்லாரும் நிண்டு கேட்டனாங்கள்."

"தாங்க்ஸ் அங்கிள்" என்றாள். இந்தமுறை குரல் கொஞ்சம் தடுமாறியது.

பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். கோபமில்லை, குத்தலில்லை. உண்மையாகவே விளங்காத மனிதனின் முகம்.

"அப்ப ஏன் அண்ணை அண்டைக்குத் தட்டுத் தூக்கினீங்கள்?"

மகளும் என்னைப் பார்த்தாள். இந்த இரண்டு மாதத்தில் அவள் ஒருமுறைகூட என்னைக் கேட்காத கேள்வி அது. நான் முருங்கைக்காயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இரண்டு பேரும் பொறுமையாகக் காத்திருந்தார்கள்.